சத்தமில்லாத ஊர் கேட்டவர்

கல்வராயன் மலையின் கிழக்கு அடிவாரத்தில் நாயகியம்மாள் என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பத்து மூன்றோ நான்கோ. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருந்தவர். அடிவாரத்தில் குடில் போட்டிருந்த ஒரு பெரியவருக்குக் காலில் புண் கட்ட வந்து, புண் ஆறிய பிறகும் வந்து, அவர் சமாதியான பிறகு போகாமலே தங்கிவிட்டார்.

அவர் யாருக்கும் தீட்சை கொடுத்ததில்லை. கேள்வியோடு வருகிறவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை கொடுப்பார். அதை முடிக்கிறவரை இருப்பவர் சீடர். பாதியில் கிளம்புகிறவர் விருந்தாளி. இரண்டு பேருக்கும் ஒரே சாப்பாடுதான்.

மார்கழி பிறந்த மூன்றாம் நாள் தணிகாசலம் அங்கே வந்து சேர்ந்தார்.

அவருக்கு அறுபத்தோரு வயது. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு பட்டறையில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்தவர். பழுக்கக் காய்ந்த இரும்பை இயந்திரச் சம்மட்டிக்கு அடியில் இடுக்கியால் பிடித்துக் காட்ட வேண்டும். சம்மட்டி விழும்போது தரை அதிரும், கால் அதிரும், பல் அதிரும். வேலையை விட்ட பிறகும் எங்கேயாவது ஒரு தட்டு கீழே விழுந்தால் அவருக்குத் தோள் இரண்டும் காதுவரை ஏறிவிடும்.

மனைவி ரஞ்சிதம் இறந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. பிள்ளைகள் இல்லை. கையில் இருந்ததை வைத்துக்கொண்டு சென்னையில் வாடகை கொடுத்தால் சாப்பாட்டுக்கு இழுபறி. வீடு இருந்ததோ பெரிய சாலையின் மேல்.

வந்த அன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

"எனக்கு ஒரு ஊர் வேணும்மா. சத்தம் இல்லாத ஊர். எனக்குக் கட்டுப்படியாகிற ஊர். மிச்ச நாளை அங்க கழிச்சிடுவேன்."

"யார் யார் இருப்பீங்க?"

"நான் மட்டும்தான்."

நாயகியம்மாள் தலையசைத்தார். மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் அவரைக்கொடிப் பந்தல் சரிந்து கிடந்தது. அதை நிமிர்த்தித் தரச் சொன்னார். தணிகாசலம் இரண்டு நாளில் புதுக் கால் நட்டு, கம்பி இழுத்துக் கட்டி, கொடிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேலே விட்டார். இரும்பு பிடித்த கை என்றாலும் ஒரு பூ உதிரவில்லை. நாயகியம்மாள் பந்தலைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஒரு துண்டுத் தாளில் எருக்கம்பாடி என்று எழுதி, அங்கே யாரைப் பார்க்க வேண்டும் என்பதையும் எழுதிக் கொடுத்தார்.

எருக்கம்பாடி நல்ல ஊர். ஓட்டு வீடு, கொஞ்ச வாடகை, வாசலில் வேம்பு. பன்னிரண்டாம் நாள் தணிகாசலம் பையோடு திரும்பி வந்தார். விடியற்காலையில் கோயில் ஒலிபெருக்கி அலறுகிறது என்றார். மார்கழி முடிந்தால் நின்றுவிடுமே என்று அங்கே இருந்த ஒருவர் சொன்னதற்கு, மார்கழி முடிந்தால் தை வரும், மாசி வரும், சாமிக்கு என்ன நாளா இல்லை என்று பதில் சொன்னார்.

நாயகியம்மாள் ஒரு மூட்டைக் கொள்ளுப்பயறில் கல் பொறுக்கித் தரச் சொன்னார். அது முடிந்ததும் மருதேரி என்று எழுதிக் கொடுத்தார்.

மருதேரியில் கோயில் ஊருக்கு வெகு தள்ளி இருந்தது. ஏரிக்கரையில் ஒற்றை வீடு. வாடகை இன்னும் குறைவு. ஆறாம் நாள் தணிகாசலம் திரும்பி வந்தார். மயில் கத்துகிறது என்றார். பொழுது சாயும்போது ஏரிக்கரை மரங்களில் பத்துப் பதினைந்து மயில்கள் வந்து அடைகின்றன, ஒன்று கத்தினால் எல்லாம் கத்துகின்றன. போதாததற்கு எதிர்க்கரையில் கதிரடிக்கும் இயந்திரம்.

இதைக் கேட்டுக் குடிலில் இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். தணிகாசலத்துக்குக் கோபம் வந்தது. சம்மட்டிக்கு அடியில் ஒரு வருடம் நின்று பார்த்துவிட்டுச் சிரியுங்கள் என்றார். அதற்குப் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

நாயகியம்மாளும் சிரிக்கவில்லை. அவர் கேட்டது ஒன்றுதான்.

"இதைவிடக் கம்மியா சத்தம் வேணுமா, இல்ல சத்தமே வேணாமா?"

"சத்தமே வேணாம்."

இந்தத் தடவை வேலை எதுவும் கொடுக்கவில்லை. மலைமேல் ஈச்சமடுவு என்று ஒரு குடியிருப்பு இருக்கிறது என்றார். ஊற்று வற்றிய பிறகு ஜனங்கள் ஒவ்வொரு வீடாக இறங்கி வந்துவிட்டார்கள். இப்போது இருப்பது நான்கு குடும்பம். அங்கே ஒரு வாத்தியார் வீடு பூட்டிக் கிடக்கிறது. வாடகை வேண்டாம், வீட்டைப் பெருக்கி வைத்திருந்தால் போதும் என்று சாவியைத் தம்மிடம் கொடுத்து வைத்திருக்கிறார். கோயில் உண்டு, பூசை வருடத்துக்கு ஒருமுறை. மின்சாரம் பாதி நாள் இராது. தண்ணீர் அடிகுழாயில்.

தணிகாசலம் சாவியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். இதைத்தான் தேடினேன் என்றார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு, சிரித்தவர்களிடமும் சொல்லிக்கொண்டு, காலை ஜீப்பில் மலையேறினார்.

மூன்றாம் நாள் மத்தியானம் அதே ஜீப்பில் இறங்கி வந்தார்.

சாவியை நாயகியம்மாளிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. "சாப்பிடுங்கய்யா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில் புளி உலுக்கிக் கொண்டுவந்து முற்றத்தில் கொட்டியிருந்தார்கள். ஓடு தட்டி, நார் உரித்து, கொட்டை எடுக்க வேண்டும். ஏழெட்டுப் பேர் வேலை. நாயகியம்மாள் மற்றவர்களையெல்லாம் கேழ்வரகுக் காட்டுக்கு அனுப்பிவிட்டார். மாட்டையும் ஓட்டிக்கொண்டு போகச் சொன்னார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து, தணிகாசலத்துக்கு எதிரே சாக்கை விரித்து உட்கார்ந்தார்.

இரண்டு பேரும் புளி உரித்தார்கள்.

ஒரு காகம்கூட இல்லை. வெயில் முற்றத்தின் ஓரத்தில் தொடங்கி மெல்ல நடுவுக்கு வந்தது. நாயகியம்மாள் தலை நிமிரவில்லை. எதுவும் கேட்கவில்லை. தணிகாசலம் ஒருமுறை தொண்டையைச் செருமினார். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். மறுபடி உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி எழுந்தார். இரண்டாம் தடவை தண்ணீர் குடிக்கவில்லை. பானைக்குப் பக்கத்தில் நின்றுவிட்டுத் திரும்பினார். அவர் விரல்கள் நார் எது கொட்டை எது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே குவியலில் போட்டுக்கொண்டிருந்தன.

வெயில் சாக்கைத் தொட்டபோது அவரே பேசினார்.

"ஏன் வந்துட்டேன்னு கேக்க மாட்டீங்களாம்மா?"

"முதல் ஊர்ல பன்னெண்டு நாள் இருந்தீங்க. ரெண்டாவதுல ஆறு நாள். மூணாவதுல மூணே நாள்" என்றார் நாயகியம்மாள். "சத்தம் குறையக் குறைய சீக்கிரம் வர்றீங்க. அங்க என்ன சத்தம்?"

"ஒண்ணுமில்ல. ஒண்ணுமே இல்ல."

அதற்கப்புறம் தணிகாசலம் சொன்னார். முதல் நாள் வீட்டைப் பெருக்கி, பாயை விரித்து, வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். மலை, வானம், கீழே எங்கேயோ ஒரு கோடு மாதிரி ரோடு. பிறந்ததிலிருந்து அப்படி ஓர் அமைதியை அவர் கண்டதில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்போது பக்கத்து வீட்டுப் பெண் ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஐம்பது வயது இருக்கும். நெடுநாளைக்குப் பிறகு இந்தக் கதவு திறந்திருப்பதைப் பார்த்துச் சந்தோஷம் என்றாள். எந்த ஊர், என்ன வேலை என்று கேட்டாள். பிறகு படியில் உட்கார்ந்துகொண்டு, அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் என்று ஆரம்பித்தாள்.

"நான் தலை வலிக்குதும்மான்னேன். மரியாதையாத்தான் சொன்னேன். குரலை உசத்தல."

"அவங்க?"

"சரிங்கண்ணே, அப்புறம் சொல்றேன்னுட்டுப் போயிட்டாங்க."

நாயகியம்மாள் ஒரு புளியின் ஓட்டைத் தட்டி உடைத்து, ஓரமாக ஒதுக்கி வைத்தார்.

"மறுநாள்?"

மறுநாள் காலையில் அவர் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெண் அடிகுழாய்க்கு வந்தாள். குழாய் இவர் வீட்டுக்கு எதிரே. குடத்தைக் கல்லில் வைக்கும்போது சத்தம் வரக்கூடாது என்று முந்தானையை மடித்துக் கீழே கொடுத்து வைத்தாள். கைப்பிடி கிறீச்சென்றது. ஒரு அடி அடித்துவிட்டு நின்று, இவர் வீட்டுப் பக்கம் பார்த்துவிட்டு, மறுபடி ஒரு அடி. குடம் நிறைய அரைமணி நேரம் ஆயிற்று. பின்னாலேயே அவளுடைய ஆடு வந்து கத்தியது. அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஆட்டின் வாயைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு ஊரே எனக்காக வாயைப் பொத்திக்கிட்ட மாதிரி இருந்துச்சும்மா. என்னால அங்க உக்கார முடியல."

"ஏன்? நீங்க கேட்டதுதானே?"

தணிகாசலம் கையில் இருந்த புளியைக் கீழே வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார். துடைத்த கையை மறுபடி துடைத்தார்.

"என் வீட்டுக்காரி பேசிக்கிட்டே இருப்பா" என்றார்.

ரஞ்சிதத்துக்குப் பேச்சுதான் உயிர். கத்தரிக்காய் வாங்கப் போனால் கத்தரிக்காய்க்காரிக்கு மருமகள் வந்த கதையோடு வருவாள். மழை பெய்தால் அதையும் சொல்வாள், இவரும் நனைந்துதான் வந்திருக்கிறார் என்று தெரிந்தும் சொல்வாள். கல்யாணமான புதிதில் தணிகாசலத்துக்கு அது பிடித்திருந்தது. பிறகு சம்மட்டி வேலைக்கு மாற்றினார்கள். எட்டு மணி நேரம் அந்த இடியைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால், மனிதக் குரல் ஆணி மாதிரி இறங்கும்.

"முதல்ல வாயால சொன்னேன், கொஞ்ச நேரம் சும்மா இருன்னு. அப்புறம் கையைக் காட்டினா போதும்னு ஆச்சு. அப்புறம் கையும் வேண்டியிருக்கல. நான் வாசல்ல செருப்பைக் கழட்டினா, அவ உள்ள பேச்சை நிறுத்திடுவா. மாடி வீட்டம்மாகூடச் சிரிச்சுப் பேசிக்கிட்டிருப்பா. படியேறும்போதே கேக்கும். நான் உள்ள போனா வீடு அப்படியே அடங்கிடும். நல்லதுன்னுதான் நெனச்சேன்."

வேலையை விட்டதும் சத்தமில்லாத ஒரு கிராமத்துக்குப் போய்விடலாம் என்று அவர்தான் சொன்னார். ரஞ்சிதம் கேட்டது ஒரே கேள்வி. அங்கே பேச்சுத்துணைக்கு யாராவது இருப்பார்களா என்றாள். பேசாமல் இருக்கத்தானே போகிறோம் என்று இவர் சொன்னார். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை. இவர் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் ஊர் பார்க்கப் போனார். ஒரு ஊர் தூரம் என்று திரும்பினார், ஒரு ஊர் விலை அதிகம் என்று திரும்பினார். அவள் டிபன் கட்டிக் கொடுத்து அனுப்பினாள்.

அவள் நோயில் படுத்தபோது டாக்டர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, ஆறு மாதம் முன்னால் ஏன் வரவில்லை என்று கேட்டார். வலி இருந்திருக்குமே, சொல்லவில்லையா என்று கேட்டார். தணிகாசலம் இல்லை என்றார். நாற்பது நாளில் முடிந்துவிட்டது.

"காரியத்தன்னிக்கு எங்க தெருவுல இஸ்திரி போடறவரு வந்தாரு. ஏகாம்பரம்னு பேரு. ஆறு மாசமா வயித்து வலின்னு சொல்லிக்கிட்டிருந்தாங்களே சார், நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகலையான்னாரு. பூ விக்கிற பொண்ணுக்குத் தெரியும். மாடி வீட்டம்மாவுக்குத் தெரியும். நாட்டு மருந்து யார் யாரோ சொல்லி, இவ வாங்கிக் குடிச்சிருக்கா. தெருவுக்கே தெரிஞ்சிருக்கும்மா. எனக்கு மட்டும் தெரியல."

அவர் குரல் உயரவே இல்லை. யாரோ தூங்குகிற வீட்டில் பேசுவதுபோலத்தான் பேசினார்.

"எங்கிட்டயும் சொல்ல வந்திருக்கா. இப்ப யோசிச்சா ஞாபகம் வருது. ஒரு நாள் சாப்பாடு போட்டுட்டு, ஏங்கன்னு கூப்பிட்டா. நான் நிமிர்ந்து பாத்தேன். அவ்வளவுதான். இல்ல, அப்புறம் சொல்றேன்னுட்டா."

முற்றத்தில் வெயில் முழுசாக வந்துவிட்டது. இரண்டு பேரும் நகரவில்லை.

"ஒரு வருஷமா அந்த வீட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கேன். ரோட்டுல லாரி போனா நிம்மதி. லாரி போயிட்டா மறுபடி அந்த அடங்கின வீடுதான். ரோட்டு இரைச்சல்தான் என்னைப் படுத்துதுன்னு நெனச்சு ஊர் தேடினேன். ஈச்சமடுவுல அந்தம்மா ஆட்டு வாயைப் பொத்தினதும் தெரிஞ்சு போச்சு. எனக்கு எந்தச் சத்தமும் பகையில்ல. நான் ஓடறது வேற ஒண்ணுகிட்ட இருந்து."

நாயகியம்மாள் முதல் முறையாக நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ரஞ்சிதத்தின் காலம் வந்துவிட்டது என்றோ, விதி என்றோ, நீங்கள் என்ன செய்வீர்கள் என்றோ சொல்லவில்லை.

"இனிமே அவகிட்ட கேக்க ஏதாவது வழி இருக்காம்மா?" என்றார் தணிகாசலம். "உங்ககிட்ட வந்ததே அதுக்காகத்தான் போல. ஜபமோ, தியானமோ, ஏதாவது. அன்னிக்கு நீ என்ன சொல்ல வந்தேன்னு ஒரு தடவை கேக்கணும். சொன்னா முழுசாக் கேட்டுக்குவேன். அது போதும்."

"இல்லைங்கய்யா."

"ஒரு வழியும் இல்லையா?"

"இல்லை."

தணிகாசலம் முகத்தை மூடிக்கொண்டார். புளி ஒட்டிய விரல்கள் நெற்றியில் பதிந்தன. அழுகிற சத்தம் வெளியே வரவில்லை. சத்தம் போட்டு அழுதும் அவருக்குப் பழக்கம் இல்லை. முதுகு மட்டும் குலுங்கியது. நாயகியம்மாள் எழுந்து போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டு, தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

அவர் முகத்தைக் கழுவித் துடைத்த பிறகு நாயகியம்மாள் கேட்டார்.

"அந்தம்மா என்ன சொல்ல வந்தாங்க?"

"அந்த வலியைத்தாம்மா. வேற என்ன..."

"ரஞ்சிதம்மாவைக் கேக்கலைங்க. ஈச்சமடுவு அம்மாவைக் கேக்கறேன்."

தணிகாசலம் செம்பை ஓரமாக நகர்த்தினார்.

"தெரியாது."

"உடம்புக்கு ஏதாவதா?"

"தெரியாதும்மா."

"வீட்டுல யாராவது இருக்காங்களா, தனியாவா?"

"பாக்கல."

"பேரு?"

அவர் தலை குனிந்தார்.

காட்டுக்குப் போனவர்கள் திரும்பி வரும் நேரமாயிற்று. தூரத்தில் மாட்டு மணி கேட்டது, பேச்சுக்குரல் கேட்டது. யாரோ யாரையோ கேலி செய்ய, எல்லோரும் சிரிப்பது கேட்டது. தணிகாசலத்தின் தோள்கள் ஏறவில்லை. அவர் அதைக் கவனிக்கவுமில்லை. தம் முன்னால் கிடந்த குவியலைக் கிளறி, கொட்டை வேறு நார் வேறாகப் பிரிக்கத் தொடங்கினார். ஒன்றுவிடாமல் பிரித்து முடித்தார். பிறகு எழுந்து உள்ளே போய்ப் பையை எடுத்துக்கொண்டு வந்தார்.

மலையேறும் மத்தியான ஜீப் புறப்பட இன்னும் கொஞ்ச நேரம் இருந்தது. முற்றத்துப் படியில் நின்று செருப்பைப் போட்டுக்கொண்டார். ஒரு கால் போட்டவர் அப்படியே நின்று திரும்பிப் பார்த்தார்.

"அங்க எத்தனை நாள் இருக்கணும்மா?"

நாயகியம்மாள் புளியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அவங்க சொல்லி முடிக்கிற வரைக்கும்."